ஓடப் பிடித்துவிட்ட மகளும் ஒளித்துவைத்த கால்வலியும்

கேள்வி: என் மகளுக்கு வயது 15, உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். விளையாட்டில் நாட்டமே இல்லாதிருந்தவள், பள்ளி உடற்தகுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் தேறவேண்டும் என்பதற்காக இவ்வாண்டுத் தொடக்கத்தில் தோழி ஒருத்தியுடன் எங்கள் புளோக்கின் பின்னாலுள்ள பூங்கா இணைப்புப் பாதையில் ஓட ஆரம்பித்தாள். தேர்வு முடிந்தது, தோழி நிறுத்திவிட்டாள், இவள் நிறுத்தவில்லை. இப்போது வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் எழுந்து, ஒன்றும் சாப்பிடாமல் 5 கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் பள்ளிக்குச் செல்கிறாள். வீட்டுப்பாடம் முடித்துப் படுக்கும்போது நள்ளிரவாகிவிடுகிறது. அவளது இணைப்பாட நடவடிக்கை இந்திய நடனம். அதை விட்டுவிட்டுத் திடல்தடப் பிரிவில் சேரவேண்டும் என்கிறாள். ஆண்டிறுதியில் அரை மராத்தான் ஓட அனுமதி கேட்கிறாள். என் தாயாரோ, வயதுப் பெண் இப்படி ஓடினால் முழங்கால் தேயும், வளர்த்தி நின்றுவிடும், கறுத்துப்போவாள் என்று தினமும் சொல்கிறார். சென்ற வாரம் மாடிப்படி இறங்கும்போது அவள் காலை இழுத்து நடந்ததை என் மனைவி பார்த்தார். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள். ஆனால் இரவில் அவள் அறையில் தைல வாசம் வருகிறது. அடுத்த ஆண்டு தேசியத் தேர்வு. ஓட்டத்தை நிறுத்தச் சொல்வதா, அல்லது பயிற்றுவிப்பாளர் ஒருவரை அமர்த்தி, தனித்திறன் அடிப்படையில் மாணவரைச் சேர்க்கும் நேரடிப் பள்ளிச் சேர்க்கையில் தொடக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் அளவுக்கு ஊக்குவிப்பதா?
— யீஷூன் வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் இறுதியில் கேட்டிருக்கும் கேள்விக்கு வருவதற்கு முன், அதற்குச் சற்று மேலே எழுதியிருப்பவற்றை எடுத்துக்கொள்கிறேன். படியில் காலை இழுத்து நடந்தாள். கேட்டபோது ஒன்றுமில்லை என்றாள். அறையில் தைல வாசம் வருகிறது. பதின்ம வயது ஓட்டக்காரர்களைப் பார்த்துவரும் இயன்முறைச் சிகிச்சையாளர் என்ற முறையில் எனக்கு இதில் பெரிய புதிர் இல்லை. அவளுக்கு வலி இருக்கிறது. சொன்னால் ஓட்டத்தை நிறுத்திவிடுவீர்கள் என்ற அச்சத்தால் அதை மறைக்கிறாள். ஆகவே மருந்தகத்தில் சந்திப்பு நேரம் வாங்குவதற்கும் முன்னதாக, நீங்களும் உங்கள் மனைவியும் அவளை அருகில் உட்காரவைத்து, வலி இருப்பதாகச் சொன்னால் தடை போடமாட்டோம், வலியைச் சரிசெய்து மறுபடி ஓடவே உதவுவோம் என்று தெளிவாகச் சொல்லவேண்டும். பெற்றோர் தாராளமாக நடந்துகொள்ள வேண்டும் என்ற பொது அறிவுரையாக இதை நான் எழுதவில்லை. சிகிச்சையின் முதல் படியாகவே எழுதுகிறேன். வலியை மறைக்கத் தீர்மானித்துவிட்ட பிள்ளை, நான் காலை அழுத்திப் பார்க்கும்போதும் முகத்தைச் சுளிக்காமல் உட்கார்ந்திருக்கும்.

வலி ஏன் வந்திருக்கக்கூடும் என்பதை அவளும் புரிந்துகொண்டால் நல்லது. புதிதாக ஓடத் தொடங்கும் ஒருவருக்கு இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன. மூச்சிரைப்பு குறைகிறது, முதல் மாதத்தில் மலையாகத் தோன்றிய தூரம் சாதாரணமாகிறது, இன்னும் ஓடலாம் என்ற எண்ணம் வருகிறது. ஓட்டத்தின்மேல் பிள்ளைகளுக்குப் பற்று பிறப்பதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். எலும்பின் கணக்கு வேறு. கூடுதல் சுமை விழும்போது எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆனால் முதலில் பழைய திசுவை அரித்து எடுத்துவிட்டு, அதற்குப் பிறகே புதியதைப் படியவைக்கிறது. அரித்தெடுப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். புதியது படிந்து இறுகுவதற்கோ மாதக்கணக்கில் ஆகும். வீவக வீட்டில் குளியலறை மேம்பாட்டுப் பணி நடக்கும்போது, பழைய தரையோடுகளைப் பெயர்த்த நாளுக்கும் புதியவற்றைப் பதிக்கும் நாளுக்கும் இடையே அந்த அறை எந்த நிலையில் இருக்குமோ, அந்த நிலையில்தான் உங்கள் மகளின் கால் எலும்பு இப்போது இருக்கக்கூடும். நிதானமாக ஓடும் ஒருவர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,000 அடிகள் எடுத்துவைக்கிறார். ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 5 கிலோமீட்டர் என்றால் 30,000 முறை.

இந்தக் கணக்கில் நீங்கள் சேர்க்காத இன்னொன்றையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். நடனப் பயிற்சியை நீங்கள் பள்ளி நடவடிக்கையாகப் பார்க்கிறீர்கள். அவளுடைய கால் அப்படிப் பார்ப்பதில்லை. வெறுங்காலுடன், பெரும்பாலும் கடினமான தரையில், அரைமண்டியில், அதாவது முழங்காலைப் பாதி மடித்த நிலையில், இருந்துகொண்டு காலைத் தரையில் தட்டித் தட்டடவு போடுவது கீழ்க்கால் எலும்புக்கு ஓட்டத்தைப் போலவே சுமைதான். பரதநாட்டியம் ஆடுபவர்களுக்கு ஓடாமலேயே இந்த இடத்தில் வலி வருவதுண்டு. விடிகாலையில் ஓடி, அதே நாள் மாலையில் நடன ஒத்திகைக்கும் நின்றால், அவள் ஓய்வு என்று எண்ணிக்கொள்ளும் ஏழாவது நாள் மட்டும் போதாது. அதே வேளையில், அத்தனை ஆண்டு நடனம் அவளுக்குத் தந்திருக்கும் தொடை வலுவும் உடல் சமநிலையும் பயிற்சி ஏதுமின்றி ஓட வருகிற பிள்ளைகளுக்கு எளிதில் கிட்டாதவை. நடனத்தை ஓட்டத்தின் எதிரியாக அவள் நினைக்கவேண்டாம். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் போதும்.

வலி சரியாக எந்த இடத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. படி இறங்கும்போது தெரிந்தது என்பதால் முழங்கால் சில்லைச் சுற்றிய வலியாக இருக்கலாம். பதின்ம வயதுப் பெண்களுக்கு இது மிகச் சாதாரணம். தொல்லை தருமே ஒழிய ஆபத்து குறைவு. சில வாரங்கள் தூரத்தைக் குறைத்து, தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சிகளைச் செய்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். நான் கவலைப்படுவது முழங்காலுக்குக் கீழே வலித்தால்தான். கீழ்க்காலின் உட்புற விளிம்பில், சில விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கும்போது அதிகமாகவும் உடல் சூடேறியபின் குறைவாகவும் இருந்தால், ஓட்டக்காரர்கள் ‘ஷின் ஸ்ப்ளிண்ட்ஸ்’ என்று சொல்லும் அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்து, ஓட ஓட வலி கூடி, படுத்திருக்கும்போதும் விண்விண் என்று தெறித்தால், அது எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தால் அந்த இடத்தில் சுரீரென்று வலிப்பது இன்னோர் அடையாளம். ஆனால் இந்தச் சோதனையை வீட்டில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்காதீர்கள். இரவில் தைலம் தேவைப்படுகிறது என்பதே என்னை இவ்வளவு விரிவாக எழுதவைக்கிறது. தைலம் தோலுக்குச் சூடும் மனத்துக்கு ஆறுதலும் தரும். எலும்பு வரைக்கும் அது போவதில்லை.

எனவே மருத்துவர் பார்க்கும்வரை ஓட்டத்தையும், தட்டி ஆடும் பயிற்சியையும் நிறுத்திவையுங்கள். நிறுத்திவைப்பது வேறு, தடை வேறு என்பதை அவளிடம் சொல்லுங்கள். பலதுறை மருந்தகத்தில் காட்டி, அவர்களுடைய பரிந்துரைக் கடிதத்துடன் பொது மருத்துவமனையின் விளையாட்டு மருத்துவப் பிரிவுக்குச் சென்றால் மானியக் கட்டணத்தில் பார்த்துக்கொள்ளலாம். விரிசல் விழுந்த தொடக்க வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாமல் போவது உண்டு. ஆகவே ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்றவுடன் மறுநாள் காலையிலேயே ஓட அனுப்பிவிடாதீர்கள். வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். இடைக்காலத்தில் நீச்சல்குளத்துக்குப் போகட்டும், வலிக்காவிட்டால் சைக்கிள் ஓட்டட்டும். மூச்சுப் பயிற்சி வீணாகாது என்று தெரிந்தால் இந்த வயதுப் பிள்ளைகள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துழைப்பார்கள்.

விரிசல் இல்லை, வெறும் அழற்சி என்று தெரியவந்தால், அரைமணி நேரம் வேகமாக நடந்தும் அன்றும் மறுநாளும் வலிக்காத நிலை வந்தபின் மறுபடி தொடங்கலாம். அப்போது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும், வாரத்துக்கு மூன்று முறைக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டக்கூடாது என்று ஒரு விதி எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. அதற்கு வலுவான ஆய்வு ஆதாரம் இல்லை, இருந்தாலும் அவசரக்காரர்களுக்கு ஒரு வேலியாகப் பயன்படுகிறது. ஓடும்போது முழு வாக்கியத்தில் பேசமுடிகிற வேகமே அவளுக்குப் போதும். குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை ஒரு படி விளிம்பில் நின்று செய்தால் கெண்டைக்கால் தசை வலுப்பெற்று எலும்பின் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். பள்ளிக்குப் போடும் மெல்லிய வெள்ளைக் காலணியில்தான் அவள் ஓடுகிறாள் என்றால், அதை மட்டும் உடனே மாற்றுங்கள். விலை உயர்ந்தது தேவையில்லை. கடையில் போட்டு நாலு எட்டு ஓடிப்பார்த்து, காலுக்கு இதமாக இருப்பதை வாங்கினால் போதும். காங்கிரீட்டு நடைபாதையைவிட விளையாட்டரங்கின் ஓடுதளமோ பூங்காவின் மண்பாதையோ மேல் என்று பலரும் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு என்றாலும், எவ்வளவு தூரம், எத்தனை நாள் என்பதோடு ஒப்பிட்டால் தரை இரண்டாம்பட்சம்.

உணவும் தூக்கமும் இதைவிட முக்கியம். ஒருவர் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துவைக்கும் எலும்பு வலுவில் மிகப் பெரும்பங்கு பதின்ம வயது முடிவதற்குள் சேர்ந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் ஓடிச் செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால், உடல் சிக்கனத்தில் இறங்கி, இனப்பெருக்கச் சுரப்பிகளின் வேலையையும் எலும்பு கட்டும் வேலையையும் குறைத்துவிடும். அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டில் இதற்கென ஒரு தனிப்பெயர் சூட்டி எச்சரித்தது. உலகத் தரத்து வீராங்கனைகளுக்கு மட்டும் வருவதன்று இது. இதை உங்கள் மனைவி அவளிடம் தனியாகக் கேட்கட்டும்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால், ஓடுபவர்களுக்கு அப்படித்தான் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். களைப்பு, மூச்சுவாங்கல், முன்பு ஓடிய தூரத்தை இப்போது ஓடமுடியாமை ஆகியவை இருந்தால் இரும்புச்சத்தின் அளவைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் சைவ உணவு என்றால் இது இன்னும் அவசியம். பருப்பு, கீரை, கொண்டைக்கடலையோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். வெறும் வயிற்றில் ஓடுவதை நிறுத்தி, ஒரு வாழைப்பழமாவது, ஒரு குவளை மைலோவாவது குடித்துவிட்டுப் புறப்படச் சொல்லுங்கள். ஓடி முடித்ததும், இரண்டு இட்லியோடு எழுந்துவிடாமல், வயிறாரச் சாப்பிடவேண்டும்.

நள்ளிரவில் படுத்து, விடியுமுன் எழுந்து ஓடும் பிள்ளை ஐந்து மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தூங்குகிறாள். 13 முதல் 18 வயது வரையிலானோருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. உடல் தன்னைச் செப்பனிட்டுக்கொள்வதில் பெரும்பகுதி தூக்கத்தில் நடக்கிறது. அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு ஓட்டம் இடையூறாக இருக்குமோ என்று கேட்கிறீர்கள்; மாலையில் அரைமணி நேரம் ஓடுவதால் படிப்பு கெட்டதாக நான் கண்டதில்லை, தூக்கம் குறைந்ததால் படிப்பும் காலும் சேர்ந்து கெட்டதை அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே பள்ளி நாள்களின் விடிகாலை ஓட்டத்தை விட்டுவிட்டு, நடனமும் துணைப்பாட வகுப்பும் இல்லாத இரண்டு மாலைகளிலும் வார இறுதியில் ஒரு காலையிலும் ஓடட்டும். மாலையில் ஓடுவது என்றால் சிங்கப்பூரின் வெப்பத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிவதால் உடல் குளிர்வதில்லை. ‘மைஎன்வி’ செயலியில் வெப்ப அழுத்த நிலை 2023ஆம் ஆண்டு முதல் காட்டப்படுகிறது. ‘அதிகம்’ என்று காட்டும் நாளில் ஓட்டத்தைத் தள்ளிவைக்கலாம். இடி கேட்டால் உடனே கூரைக்கு அடியில் வரவேண்டும். ஓடும்போது தலைசுற்றி மயங்கி விழுவதோ நெஞ்சு வலிப்பதோ இருந்தால், அல்லது உங்கள் குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று மாரடைத்து இறந்திருந்தால், அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

உங்கள் தாயாரின் கவலைகளைப் பற்றி. 2017ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வில், விருப்பத்துக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும் ஓடாமல் இருப்பவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடியவர்களிடம் மட்டுமே அது 13.3 விழுக்காடாக உயர்ந்தது. முழங்காலைப் பொறுத்தவரை, ஓடாமல் உட்கார்ந்திருப்பதைப் பற்றித்தான் அம்மா கவலைப்படவேண்டும். போதுமாகச் சாப்பிடும் பிள்ளையின் வளர்த்தியை ஓட்டம் நிறுத்துவதில்லை. நிறத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கு உதிக்கும் ஊரில் அதற்கு முன்பே ஓடி முடித்துவிடுகிறவள் எந்த வெயிலில் கறுக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை, பகலில் ஓட நேர்ந்தால் வெயில் தடுப்புக் களிம்பு பூசட்டும், அது தோலின் நலத்துக்காக. வயதுப் பெண்ணுக்கு எதற்கு ஓட்டம் என்று அம்மா கேட்டால், கே. ஜெயமணியை அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். 1983ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பெண்களுக்கான மராத்தானில் தங்கம் வென்றவர் நம்மவர்தான். அம்மாவின் தலைமுறைக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கக்கூடும்.

அரை மராத்தானுக்கு இவ்வாண்டு அனுமதி தரவேண்டாம். 21 கிலோமீட்டருக்கு ஆயத்தமாவதற்கு ஓட வேண்டிய வாராந்தரத் தூரத்தை, சில மாதங்களே பழகிய, இப்போது வலியும் உள்ள எலும்பு தாங்காது. கால் குணமாகி, இரண்டு மூன்று மாதம் சிக்கலின்றி ஓடியிருந்தால் 5 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுக்கலாம்; அதைக்கூட அவளே தேர்ந்தெடுக்கட்டும். இணைப்பாட நடவடிக்கையை உயர்நிலை மூன்றில் மாற்றுவது எல்லாப் பள்ளியிலும் எளிதன்று. மாற்ற முடிந்தாலும், இதுவரை தன் விருப்பம்போல் ஓடியவள் திடீரென்று வாரத்துக்கு நான்கு நாள் பயிற்சி அட்டவணைக்குள் போவது இந்தக் காலுக்கு இப்போது உகந்ததல்ல. உடற்கல்வி ஆசிரியரிடம் அவளே போய்ப் பேசி, நடனத்தில் இருந்துகொண்டே திடல்தடப் பிரிவினருடன் எப்போதாவது ஒரு நாள் சேர்ந்து ஓடமுடியுமா என்று கேட்கலாம்.

நேரடிப் பள்ளிச் சேர்க்கை என்ற எண்ணத்தை நீங்கள் உங்களோடு வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். யாரும் சொல்லாமல், மதிப்பெண்ணுக்காகத் தொடங்கி, மதிப்பெண் கிடைத்தபின்னும் விடாமல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாள். அதற்குள் ஒரு விண்ணப்பப் படிவத்தை நுழைத்தால், நாளை கால் வலித்தாலும் அவளால் சொல்லமுடியாத இன்னொரு காரணத்தை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். திறமை இருந்தால் அது காத்திருக்கும். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடி, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தேசியச் சாதனையைத் தம்மிடம் வைத்திருந்த சி. குணாளன், கால்பந்தாட்டத்திலிருந்து ஓட்டத்துக்கு வந்ததே இருபது வயதையொட்டித்தான். சிங்கப்பூர் ஓட்டக்காரர் சாந்தி பெரேரா 2015ஆம் ஆண்டு தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 200 மீட்டரில் தங்கம் வென்றபின், அதே ஓட்டத்தில் அடுத்த தங்கத்துக்கு 2022 வரை காத்திருந்தார். ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 27. உங்கள் மகள் அவர்களைப்போல் வருவாள் என்று இதைச் சொல்லவில்லை, பெரும்பாலும் வரமாட்டாள். 15 வயதில் அவசரப்படுவதற்கு ஒரு காரணமும் இல்லை என்பதற்காகவே சொல்கிறேன். பயிற்றுவிப்பாளரையும் இப்போதைக்கு அமர்த்தவேண்டாம். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், வார இறுதிகளில் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கப் பூங்காவுக்கு அவளுடன் போய், அவள் ஓடும்போது நீங்கள் நடங்கள், நேரத்தைக் குறிக்காதீர்கள்.

மருத்துவச் சந்திப்புக்குப் போகும்போது, சென்ற இரண்டு மாதங்களில் எந்தெந்த நாளில் எவ்வளவு தூரம் ஓடினாள், எந்தெந்த நாளில் நடனம் இருந்தது, வலி எப்போது தொடங்கியது என்பதை அவள் கைப்பட ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லட்டும். ஓடும் காலணியையும் கொண்டு போங்கள். கேள்விகளுக்கு அவளே பதில் சொல்லட்டும். சில நிமிடங்கள் அவளுடன் தனியாகப் பேசவேண்டும் என்று மருத்துவர் கேட்டால், நீங்கள் இருவரும் எழுந்து வெளியே உட்காருங்கள்.